குறுக்கெழுத்தில் சின்னச் சொற்கள் ஏன் சிக்க மாட்டேன் என்கின்றன?

கேள்வி இதுதான்: "குறுக்கெழுத்துப் புதிரில் ஆறு, ஏழு கட்டச் சொற்களை எப்படியோ போட்டுவிடுகிறேன். இரண்டு, மூன்று கட்டச் சொற்களில்தான் நின்றுபோகிறேன். குறிப்பைப் படித்தால் நாலைந்து விடை தோன்றுகிறது, இல்லாவிட்டால் ஒன்றுமே தோன்றுவதில்லை. இவற்றைப் பிடிக்க ஏதாவது வழி உண்டா?"

உண்டு. அதற்கு முன்னால் ஒரு விஷயம். சொல் குறுகக் குறுகப் புதிர் கடினமாகும் என்பது எல்லோருக்கும் நேர்வது. 'பல்கலைக்கழகம்' ஒன்பது கட்டம். அதில் மூன்று நான்கு கட்டங்கள் மற்ற சொற்கள் வழியாகவே நிரம்பிவிடும். அந்தச் சொல்லுக்குப் பொருளும் ஒன்றுதான். 'அடி' இரண்டே கட்டம். அதற்குள் பாதம், கீழ்ப்பகுதி, கையால் விழும் அடி, செய்யுளின் வரி, பன்னிரண்டு அங்குல அளவு என்று ஐந்து பொருள் உட்கார்ந்திருக்கிறது. புதிர் அமைப்பவர் இந்த ஐந்தில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். உங்கள் மனத்தில் வேறொரு பொருள் ஓடிக்கொண்டிருந்தால், நன்றாகத் தெரிந்த சொல்கூட விடையாக வந்து நிற்காது.

ஆக, சின்னச் சொல்லில் மாட்டிக்கொள்கிறவர்களுக்குச் சொல்வளம் குறைவு என்று நான் நினைக்கவில்லை. குறிப்பில் இருக்கும் சொல்லை ஒரே பொருளில் வாசித்துவிட்டு, அந்தப் பொருளுக்கு விடை தேடுகிறார்கள். அதுதான் சிக்கல்.

'அலை (2)' என்ற குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அடைப்புக்குள் இருப்பது கட்டங்களின் எண்ணிக்கை. கடல் ஞாபகம் வந்தால் 'திரை' என்று எழுதுவீர்கள். ஆனால் 'அலை' வினைச்சொல்லும்கூட. 'சுற்றித் திரி' என்ற பொருளில் எடுத்தால் விடை 'திரி'. இரண்டுக்கும் இரண்டு கட்டம், இரண்டுக்கும் முதல் எழுத்து 'தி'. முதல் எழுத்து கிடைத்துவிட்டதே என்று பேனாவால் எழுதினால் பாதிக்குப் பாதி தப்பாகும். இரண்டாம் கட்டத்தின் வழியாக இறங்கும் சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அது வென்றவருக்குக் கிடைப்பது என்றால் 'பரிசு', உங்கள் விடை 'திரி'. மரத்தை அரிப்பது என்றால் 'கரையான்', விடை 'திரை'.

'ஆறு (2)' இன்னும் நல்ல உதாரணம். தண்ணீர் ஓடுவது என்றால் நதி. 'நெறி, பாதை' என்ற பழைய பொருளில் எடுத்தால் வழி. 'சூடு ஆறட்டும்' என்கிற வினையாக எடுத்தால் தணி. மூன்றுமே இரண்டு கட்டம். எண்ணாகவும் அது வரலாம் என்பதை மறக்க வேண்டாம். இப்படி ஒரு குறிப்பைக் கண்டதும் விடை தேடாதீர்கள். 'இந்தச் சொல்லுக்கு எத்தனை முகம்? பெயரா, வினையா? பழைய பொருள் ஏதும் உண்டா?' என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அரை நிமிடம் போதும். தமிழில் வினையடியும் பெயரும் ஒரே வடிவில் நிற்கும் சின்னச் சொற்கள் ஏராளம்: படி, முடி, பிடி, மடி, அறை, உரை, நகை, இசை, கலை, மறை, ஓடு, நாடு. புதிர் அமைப்பவருக்கு இவைதான் செல்லப்பிள்ளைகள். 'பிடி' பெண் யானை, கைப்பிடி, ஒரு பிடி சோறு, பற்றிக்கொள். 'கலை' ஓவியம் முதலியவை, ஆண் மான், நிலவின் வளர்பங்கு, குலைத்துவிடு. இவற்றைக் குறிப்பிலும் பார்ப்பீர்கள், விடையிலும் பார்ப்பீர்கள்.

அப்புறம் குறிப்பின் இலக்கணம். நல்ல புதிரில் குறிப்பும் விடையும் ஒரே வடிவில் இருக்கும். குறிப்பு ஏவலாக இருந்தால் விடையும் ஏவல். 'வாசி' என்றால் 'படி', 'படித்தல்' கிடையாது. பன்மையாக இருந்தால் கடைசி இரண்டு கட்டத்தில் 'க', 'ள்' என்று பென்சிலால் லேசாக எழுதி வைக்கலாம். குறிப்பு ஓர் ஆண்மகனைச் சொன்னால் முடிவில் 'ன்', மரியாதையோடு சொன்னால் 'ர்' என்று எதிர்பார்க்கலாம். கோடிட்ட இடத்தை நிரப்பும் குறிப்புகளில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை, ஏனென்றால் அங்கே விடை வேற்றுமை உருபோடு வரும். 'ஆழம் தெரியாமல் ___ விடாதே (2)' என்றால் 'கால்' என்று மனம் சொல்லும், இரண்டு கட்டமும் பொருந்தும். வாக்கியத்துக்கு வேண்டியது 'காலை'. அதுவும் இரண்டு கட்டம்தான். 'ல்' என்று எழுதிவிட்டால் குறுக்கே வரும் சொல் கெட்டுப்போகும்.

இனி எழுத்துகளுக்கு வருவோம். தமிழ்க் குறுக்கெழுத்தை ரசிக்கிறவர்கள்கூட அதிகம் பயன்படுத்தாத கருவி இது. நமது கட்டத்தில் உயிர்மெய் ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய் ஒரு கட்டம். 'கொ' என்று எழுதும்போது மூன்று வடிவம் தெரிந்தாலும் ஒரே கட்டம்தான். 'அம்மா' மூன்று, 'கண்' இரண்டு, 'திங்கள்' நான்கு. இந்த ஏற்பாட்டினால் நம் இலக்கணத்தின் முதல்நிலை, இறுதிநிலை, மெய்ம்மயக்க விதிகள் எல்லாம் அப்படியே கட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. அவை ஒவ்வொன்றும் காசில்லாமல் கிடைக்கும் குறிப்பு.

தனி உயிர் எழுத்து சொல்லின் முதலில்தான் வரும், அளபெடை தவிர. எனவே இரண்டு சொற்கள் சந்திக்கும் கட்டத்தில் 'அ' அல்லது 'இ' இருந்தால் இரண்டும் அங்கிருந்தே தொடங்குகின்றன. சந்திக்கும் கட்டம் ஒரு சொல்லின் நடுவில் இருந்தால், அங்கே உயிர் இருக்கவே முடியாது. மெய் எழுத்து சொல்லுக்கு முதலில் வராது. ண, ழ, ள, ற, ன வரிசைகளும் முதலில் வருவதில்லை. ட, ர, ல வந்தால் 'டமாரம்', 'ரதம்', 'லாபம்' போன்ற பிறமொழி வழிச் சொல் என்று ஊகிக்கலாம். முடிவில் நிற்கும் மெய்களும் நடைமுறையில் ண், ம், ன், ய், ர், ல், ழ், ள் ஆகிய எட்டுதான். கடைசிக் கட்டத்தில் உங்களுக்கு 'க்' அல்லது 'த்' கிடைத்திருந்தால் எங்கோ ஒரு விடை தவறு என்று அந்த இடத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

நடுவில் நிற்கும் மெய் இன்னும் அதிகம் பேசும். தமிழ்ச் சொற்களில் க், ச், த், ப் நான்கும் தன் வரிசையையே அடுத்துக் கூப்பிடும். 'த்' இருந்தால் அடுத்த கட்டம் த வரிசை. ட், ற் இரண்டும் கொஞ்சம் தாராளம்: கட்சி, நட்பு, வெட்கம், கற்பு என்று க, ச, ப வரிசைகளையும் சேர்த்துக்கொள்ளும். 'ங்' வந்தால் அடுத்தது பெரும்பாலும் க வரிசை. 'ஞ்' வந்தால் பெரும்பாலும் ச வரிசை, அபூர்வமாக 'மஞ்ஞை' போல ஞ. 'ந்' வந்தால் பெரும்பாலும் த வரிசை. மூன்று கட்டச் சொல்லில் நடு எழுத்து 'ந்' என்று தெரிந்துவிட்டால், அது பந்து, சந்தை, தந்தை, பந்தி, சிந்து குடும்பத்தில் ஒன்றாகத்தான் இருக்கும். மூன்றில் ஓர் எழுத்து தெரிந்ததற்கு இரண்டு எழுத்து தெரிந்த பலன். இரண்டு கட்டச் சொல்லில் இரண்டாவது 'ழ்' என்றால் யாழ், கூழ், ஊழ், வாழ், தாழ், சூழ், வீழ், ஆழ் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். கிரந்த எழுத்து கிடைத்தால் வட்டம் இன்னும் சுருங்கும்: ரோஜா, ராஜா, பூஜை.

ஆங்கிலப் புதிர் போட்டுப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு வித்தியாசம் தெரியும். அங்கே உயிரும் மெய்யும் தனித்தனிக் கட்டம். அமெரிக்க வகைக் கட்டத்தில் ஒவ்வோர் எழுத்தும் இரு திசையிலும் சொல்லாக வேண்டும், மூன்று எழுத்துக்குக் குறைவான விடையும் கூடாது. அந்த நெருக்கடியில் உயிரெழுத்து நிறைந்த குட்டிச் சொற்களைத் திரும்பத் திரும்ப அழைத்தாக வேண்டியிருக்கிறது. ஓரியோ (Oreo) என்ற பிஸ்கட்டின் பெயர் அங்கே அடிக்கடி தலைகாட்டுவதற்குக் காரணம் அதன் நான்கு எழுத்தில் மூன்று உயிராக இருப்பது. 'ஓபோ' (oboe) என்ற இசைக்கருவிக்கும் அதே காரணம். நமக்கு உயிர் மெய்யோடு ஒட்டியே வருவதால் அந்தப் பட்டியல் பொருந்தாது. நமது புதிர்களில் வேறொரு கூட்டம் சுற்றி வருகிறது: பரி (குதிரை), கரி (யானை), அரி (சிங்கம், திருமால்), தரு (மரம்), வாவி (குளம்), வளி (காற்று), அளி (வண்டு, கருணை), ஆழி (கடல், சக்கரம், மோதிரம்), மஞ்சு (மேகம்), கழை (மூங்கில், கரும்பு), நிசி (இரவு). பேச்சில் யாரும் 'பரி மேல் வந்தான்' என்று சொல்வதில்லை. ஆனால் 'ரி', 'வி', 'ளி', 'சு', 'தி' போன்ற எழுத்துகள் குறுக்கே வரும் சொற்களோடு எளிதாகப் பொருந்துகின்றன, அதனால் அமைப்பவர்கள் இவற்றிடம் போகிறார்கள். இப்படி ஒரு நாற்பது ஐம்பது சொல்லை வைத்திருந்தால் போதும். நீண்ட பட்டியலை உருப்போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புதிரில் சந்திக்கும்போது குறித்து வைத்துக்கொண்டால் தானாகவே மனத்தில் தங்கும்.

இந்த இடத்தில் நிகண்டுகளை, அதாவது செய்யுளில் அமைந்த பழைய அகராதிகளைச் சொல்லாமல் போக முடியாது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் பன்னிரண்டு தொகுதிகள். அவற்றில் பதினோராவது 'ஒரு சொல் பல்பொருள்' தொகுதி. ஒரே சொல் எத்தனை பொருளில் வரும் என்பதை மட்டுமே செய்யுளாக அடுக்கிக்கொண்டு போகும். முன்பிருந்த திவாகர நிகண்டிலும் இதே ஏற்பாடு உண்டு. சின்னச் சொற்களின் முகங்களைத் தெரிந்துகொள்ள இதைவிடச் சுருக்கமான இடம் எனக்குத் தெரியாது. செய்யுள் சிரமம் என்றால் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இருக்கிறது. இணையத்திலேயே பார்க்கலாம். ஆனால் புதிர் போடும்போது திறக்காதீர்கள். முடித்த பிறகு, மாட்டிக்கொண்ட சொற்களுக்கு மட்டும் திறந்து பாருங்கள். அப்போதுதான் பொருள்கள் மனத்தில் ஒட்டும்.

இதுவரை சொன்னது நேரடிக் குறிப்புகள். சின்னச் சொல் தன் முழு பலத்தைக் காட்டுவது சங்கேதக் குறிப்புகளில். அங்கே குறிப்பின் ஒரு முனையில் விடையின் பொருள் இருக்கும், மிச்சம் விடையைக் கட்டும் விதம். மேலோட்டமாக வாசித்தால் தோன்றும் காட்சி, உங்களைத் திசைதிருப்ப.

கட்டுவதற்குச் செங்கல் வேண்டுமே. அதில் நம்மைப் போல் கொடுத்து வைத்தவர்கள் குறைவு. தமிழில் ஓரெழுத்து ஒருமொழி 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. ஆ பசு, ஈ, கா சோலை, கோ அரசன், கை, தீ, தை, நா நாக்கு, பா பாட்டு, பூ, பை, மா மாமரம், குதிரை, பெரிய, மை, வா, வை, ஐ தலைவன் என்று போகும். ஒரே கட்டச் சொல்லைப் புதிரில் விடையாக வைக்க முடியாது. ஆனால் இரண்டை ஒட்டினால் விடை. 'அரசன் பக்கத்தில் வை, உதட்டுக்கு உவமையான கனி (2)': கோ, வை, கோவை. 'அரசன் வீடு, கும்பிடும் இடம் (3)': கோ, இல், கோயில். இங்கே புணர்ச்சியும் வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள். 'இல்' சேர்ந்ததும் 'யில்' ஆயிற்று. குற்றியலுகரம் வந்தால் உகரம் கழன்றுவிடும். சேர்த்துப் பார்த்துப் பொருந்தவில்லை என்றால் புணர்ச்சியோடு இன்னொருமுறை சேர்த்துப் பாருங்கள்.

சேர்ப்பதுபோலவே எடுப்பதும் உண்டு. 'குதிரையின் தலை போனால் அலை (2)': கு போனால் திரை. முன்பு பார்த்த அதே விடைதான், ஆனால் இந்தமுறை 'திரி'யா 'திரை'யா என்று குழம்ப வேண்டியதில்லை, குறிப்பே ஊர்ஜிதம் செய்துவிடுகிறது. சங்கேதக் குறிப்பு நேரடிக் குறிப்பைவிட நியாயமானது என்று நான் சொல்வது இதனால்தான். ஒளித்து வைப்பது இன்னொரு வகை: 'அழகு திரையில் ஒளிந்திருக்க, விலங்கு தென்படும் (3)'. 'அழகு திரையில்' என்ற எழுத்துகளையே வரிசையாகப் படியுங்கள், நடுவில் குதிரை நிற்கும். திருப்புவது: 'சிவா திரும்பி வந்தால் படி (2)', விடை வாசி. உள்ளே நுழைப்பது: 'வானத்தில் நள்ளிரவு வந்தால் மரத்துக்கு மரம் தாவும் (4)'. இரவின் நடு எழுத்து 'ர'. அதை 'வானம்' என்பதற்குள் வைத்தால் வானரம். இரு பொருளை ஒட்டி வைப்பது: 'கழுத்தில் விழும் பொழுது (2)', மாலை. 'சாலையில் ஓடும் மேகம் (2)', கார். கடைசி இரண்டும் எனக்குப் பிடித்த வகை. எழுத்து விளையாட்டே இல்லாமல், ஒரு சின்னச் சொல்லின் இரண்டு பொருள் மட்டுமே வேலையை முடித்துவிடும்.

கலைத்துப் போடும் வகையில் தமிழுக்கு ஓர் எல்லை இருக்கிறது, அந்த எல்லை உங்களுக்குச் சாதகம். 'நகரம் குழம்பினால் பாவிகள் போகுமிடம் (4)'. நான்கு எழுத்தை 24 விதமாக அடுக்கலாம். ஆனால் 'ம்' முதலில் வராது, இப்படிப்பட்ட சொல்லில் அது கடைசியில்தான் நிற்கும். மிச்சம் ந, க, ர மூன்றும் ஆறு விதம். 'நகரம்' போக ஐந்து. அந்த ஐந்தில் நரகம் உடனே கண்ணில் படும். மெய் எழுத்துகளை முதலில் அவற்றுக்குரிய இடத்தில் உட்கார வைத்துவிட்டு மற்றவற்றை மாற்றிப் பாருங்கள்.

இதெல்லாம் வெளியிலிருந்து வந்த விளையாட்டு என்று சிலர் நினைக்கிறார்கள். கட்டம் வந்தது வெளியிலிருந்துதான். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட வைர வடிவப் புதிரிலிருந்து இன்றைய குறுக்கெழுத்தின் வரலாறு தொடங்குகிறது. ஆனால் குறிப்பு எழுதும் கலை நம்மிடம் அதற்கு வெகுகாலம் முன்பே முற்றியிருந்தது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல், எழுத்து விளையாட்டாக அமையும் சித்திரக்கவி வகைகளைச் சொல்கிறது. அதில் 'வினாவுத்தரம்' என்று ஒன்று. எடுத்துக்காட்டுப் பாடலின் கேள்விகள் இப்படி: பூமகள் யார்? திரு. போகிறவனை ஏவுகிறவன் என்ன சொல்வான்? ஏகு. போரில் விடும் சரத்துக்குப் பெயர் என்ன? அம்பு. அழகுக்குப் பெயர்? அம். பிறைசூடி விரும்பி உறையும் இடம் எது? நான்கு விடைகளையும் சேர்த்தால் வரும் திருவேகம்பம், காஞ்சியிலுள்ள சிவன் கோயில். மேலே பார்த்த சேர்ப்புக் குறிப்பு எதுவும் இதைவிட ஒரு படி கூடக் கிடையாது. நான்கு செங்கல்லும் சின்னச் சொற்கள், பூச்சு புணர்ச்சி, இறுதியில் விடைக்குத் தனிப் பொருள். இன்றைய சங்கேதக் குறிப்பின் எல்லா உறுப்பும் அதில் இருக்கின்றன.

மற்ற வகைகளும் அப்படியே. எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய்ப் புதுச் சொல் காட்டுவது எழுத்து வருத்தனம். குறைத்துக்கொண்டே போவது அக்கரச் சுதகம், அதுதான் நம் 'தலை போன' குறிப்பு. ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுள் ஒளிந்திருப்பது கரந்துறைச் செய்யுள். முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகப் படிக்க வருவது மாலைமாற்று. எழுத்துகளைக் கட்டங்களில் எழுதி நான்கு திசையிலும் படிக்கும் சருப்பதோபத்திரமும் உண்டு. ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றில் 'எட்டேகால் லட்சணமே' என்று ஒரு வசை வரும். தமிழ் எண்ணில் எட்டுக்கு 'அ', காலுக்கு 'வ'. சேர்த்தால் அவலட்சணம். அதே பாட்டில் 'எமன் ஏறும் பரி' எருமை. பரி என்றதும் குதிரையை நினைத்தால் தவறிவிடும், இங்கே அது ஏறிச் செல்லும் விலங்கு என்ற அளவில் நிற்கிறது. மூன்று கட்டத்துக்கு இதைவிட நல்ல குறிப்பை இன்றும் எழுத முடியாது. எண்ணுக்கு எழுத்து என்ற அந்த உத்தியை இன்றைய புதிரிலும் பார்ப்பீர்கள். 'எட்டுக் கல்லில் விளக்கு (3)' என்றால் அ, கல், அகல். குறிப்பில் எண் வந்தால் ஒருமுறை இதையும் நினைத்துப் பாருங்கள்: க ஒன்று, உ இரண்டு, எ ஏழு, அ எட்டு, ய பத்து.

பத்திரிகைப் புதிர்களில் தனியாகச் சமாளிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 'இடமிருந்து வலம்', 'மேலிருந்து கீழ்' என்பவற்றோடு 'வலமிருந்து இடம்', 'கீழிருந்து மேல்' என்ற தலைப்புகளும் இருக்கும். குறிப்பின் பின்னால் 'குழம்பியிருக்கிறது', 'திரும்பியிருக்கிறது', 'கடைசி எழுத்து இல்லை' என்று சேர்த்திருப்பார்கள். சங்கேதக் குறிப்பில் குழப்பம் குறிப்புக்குள் நடக்கும், கட்டத்தில் விடை நேராக நிற்கும். இங்கே அப்படி இல்லை. விடையே கட்டத்தில் கலைந்து நிற்கும். எனவே நான் மேலே சொன்ன எழுத்து விதிகள் அந்த வரிசைக்கு மட்டும் செல்லாது. முதல் கட்டத்திலேயே 'ம்' நிற்கலாம். புதிரைத் தொடங்கும்போதே இந்த வரிசைகளுக்கு ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள், அவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். விடை தெரிந்தாலும் கட்டத்தில் எழுதாமல் ஓரத்தில் எழுதுங்கள், எழுத்துகளின் வரிசையை மற்ற சொற்கள்தான் காட்டும். எனக்கு இந்த உத்தி பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டம் பொருந்தாதபோது அமைப்பவர் தன் சுமையைத் தீர்ப்பவர் தோளுக்கு மாற்றுகிறார். பொருந்தாத ஒன்றிரண்டு கட்டத்தைக் கறுப்பாக்கியிருந்தால் புதிர் இன்னும் நேர்த்தியாக இருந்திருக்கும்.

நியாயம் என்று வரும்போது இன்னொன்று. வின் வெளியிட்ட அந்த முதல் புதிரிலேயே 'கோமுட்டிப் பனையின் நார்' என்று ஒரு குறிப்பு இருந்தது. விடை 'டோ' (doh) என்ற மூன்றெழுத்துச் சொல். அரிய குட்டிச் சொல் இந்த விளையாட்டின் முதல் நாளிலிருந்தே கூட இருக்கிறது. அரிய சொல் வருவதில் தப்பில்லை. இரண்டு அரிய சொற்கள் ஒரே கட்டத்தில் சந்திப்பதுதான் தப்பு. நிகண்டுச் சொல் ஒன்றை வைத்தால் அதைக் கடக்கும் சொல் எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். அப்படி இல்லாத இடத்தில் நீங்கள் நின்றுபோனால் அது உங்கள் குறையில்லை.

பிரிட்டனில் 'சிமெனீஸ்' என்ற புனைபெயரில் புதிர் அமைத்த டெரிக் மக்நட் 1966இல் தன் கலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்த வழியில் வந்தவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது: குறிப்பில் சரியான பொருள் இருக்க வேண்டும், விடையைக் கட்டும் நேர்மையான வழி இருக்க வேண்டும், மூன்றாவதாக எதுவும் இருக்கக் கூடாது. அமைப்பவர்களுக்குச் சொன்ன விதி என்றாலும் தீர்ப்பவர்களுக்கும் உதவும். குறிப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்கள் வேலை கொடுத்துவிட்டீர்களா என்று சரிபாருங்கள். 'கழுத்தில் விழும் பொழுது' என்பதில் 'பொழுது' சும்மா நின்றால் நீங்கள் எழுதிய விடை சரியில்லை. ஒரு சொல்லும் மீதி இல்லை என்றால், குறுக்கே வரும் சொற்களிலிருந்து ஓர் எழுத்துகூடக் கிடைக்காவிட்டாலும் தைரியமாக எழுதலாம்.

நடைமுறையில் நான் செய்வது இது. சின்னச் சொற்களின் குறிப்புகளை முதல் சுற்றில் வாசிப்பேன், எழுத மாட்டேன். தோன்றும் விடைகளை எல்லாம் ஓரத்தில் குறிப்பேன், 'நதி, வழி, தணி' என்பதுபோல. இரண்டாம் சுற்றில் நான்கு கட்டத்துக்கு மேற்பட்டவற்றை நிரப்புவேன். மூன்றாம் சுற்றில் ஓரத்தில் இருப்பவற்றை அடிக்கத் தொடங்கினால் பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் ஒரே விடைதான் மிஞ்சும். எதுவுமே மிஞ்சாத இடத்தில் குறிப்பின் சொல்லை வினையாக்கிப் பார்ப்பேன். வினையாக இருந்தால் பெயராக்கிப் பார்ப்பேன். அதற்கும் மசியாவிட்டால் புதிரை மடித்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வந்து உட்காருவேன். முதல் வாசிப்பில் பிடித்துக்கொண்ட பொருள் தளர்ந்த பிறகுதான் அந்தச் சொல்லின் மற்றப் பொருள்கள் கண்ணில் படுகின்றன.